எச்சரிக்கை வந்தால் எந்தக் கண்ணி அறுந்தது? சான்றிதழ்ச் சிக்கல்களுக்கு அறிகுறி வாரியான வழிமுறை

மார்த்தாண்டத்தில் கணினி பழுதுபார்க்கும் கடையும் இணையச் சேவையும் சேர்த்து நடத்துகிறேன். கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் போதும், ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’, ‘கையொப்பம் சரிபார்க்கப்படவில்லை’ என்று திரையில் வந்ததைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “அண்ணே, இதை எப்படித் தாண்டுவது?”

தாண்டும் வழியைப் பிரவுசரே ஒரு மூலையில் வைத்திருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன், எது பழுது என்று கண்டுபிடியுங்கள். பத்தில் பாதி நேரம் பழுது உங்கள் கணினியிலேயே இருக்கும், கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். மற்ற நேரங்களில், தாண்டக் கூடாத இடத்தில்தான் அந்தப் பலகை நிற்கிறது.

வருமானச் சான்றிதழை நினைத்துப் பாருங்கள். நாகர்கோவில் கல்லூரி அலுவலருக்கு உங்கள் அப்பாவின் வருமானம் தெரியாது. உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துத் தெரிந்துகொள்கிறார். அவர் எழுதியதை வருவாய் ஆய்வாளர் பார்க்கிறார். ஆய்வாளர் பரிந்துரைத்த பிறகு, குழித்துறையில் உட்கார்ந்திருக்கும் விளவங்கோடு வட்டாட்சியரின் ஒப்பம் விழுகிறது. கல்லூரி அலுவலர் அறிந்தது வட்டாட்சியர் என்ற பதவியை மட்டும். அந்த ஒரே நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு அவர் உங்கள் வீட்டு வாசல் வரை வந்துவிடுகிறார்.

இணையத்திலும் இதே ஏணிதான். வங்கித் தளம் ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அதில் தளத்தின் பெயரும், அது இடும் கையொப்பத்தை யாரும் சரிபார்க்க உதவும் எண்ணான பொதுத் திறவுகோலும் இருக்கும். அதற்குக் கையொப்பமிட்டது ஓர் இடைநிலை அமைப்பு. இடைநிலையின் சான்றிதழுக்குக் கையொப்பமிட்டது வேர் அமைப்பு. வேர் தனக்குத் தானே கையொப்பமிட்டுக்கொள்ளும், அதற்கு மேல் யாரும் கிடையாது. பிறகு வேரை எதை வைத்து நம்புவது? உங்கள் போனையோ பிரவுசரையோ உருவாக்கியவர்கள் உள்ளேயே வைத்து அனுப்பிய பட்டியலில் அது இருக்க வேண்டும். இப்படிக் கோத்த சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் கையொப்பமும் காலவரம்பும் சரிபார்க்கப்படும். தளத்தின் சொந்தச் சான்றிதழில் பெயரும் பார்க்கப்படும்.

ஆகவே முதல் வேலை, எச்சரிக்கைப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் ஆங்கிலப் பிழைக் குறியீட்டைப் படிப்பது. ‘டேட் இன்வேலிட்’ என்று முடிந்தால் தேதியில் கோளாறு. ‘காமன் நேம் இன்வேலிட்’ என்றால் பெயர். ‘அத்தாரிட்டி இன்வேலிட்’ என்றால் சங்கிலி வேர் வரை போய்ச் சேரவில்லை. ‘ரிவோக்டு’ என்றால் சான்றிதழ் ரத்தாகிவிட்டது. இந்தக் கடைசி வகையில் நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை, பக்கத்தை மூடிவிடுங்கள்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் எச்சரிக்கை வருகிறது

திரையின் வலது கீழ் மூலையில் கடிகாரத்தைப் பாருங்கள். நேரத்தைப் பார்த்தால் போதாது, ஆண்டைப் பாருங்கள்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. மின்சாரம் போய்ப் போய் வரும் இந்த மாதங்களில்தான் பழைய மேசைக் கணினிகள் இந்த அறிகுறியோடு என் கடைக்கு வருகின்றன. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், எண் சிஆர்2032. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால், மின்சாரம் வந்து கணினி எழும்போது பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். சென்ற மாதம் வழங்கப்பட்ட சான்றிதழ், அந்தக் கணினியின் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. தளங்கள் எல்லாம் சரியாக இருக்க, உங்கள் கணினி மட்டும் எல்லாவற்றையும் சந்தேகப்படும்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். பேட்டரியைப் பிடித்திருக்கும் சின்னக் கொக்கியை நகத்தால் விலக்கினால் அது தானே மேலெழும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வையுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பழையதை அளந்து பாருங்கள்: புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டும், தீர்ந்தது அதிலிருந்து நன்றாகக் கீழே இறங்கியிருக்கும். பிறகு கணினியை ஏற்றி, தேதியை முதலில் கையால் சரிசெய்துவிட்டு, அதன் பின் இணையத்தோடு நேரத்தை ஒத்திசைக்கச் சொல்லுங்கள். வரிசை முக்கியம். கடிகாரம் மிகவும் விலகியிருந்தால் தானியங்கி ஒத்திசைவு அதை ஏற்காமல் விட்டுவிடக்கூடும்.

போனில் இதே அறிகுறி என்றால், வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டுக்காகத் தேதியை மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். அமைப்புகளில் ‘தானியங்கி தேதி, நேரம்’ என்பதை மறுபடி இயக்கினால் முடிந்தது.

ஒரே ஒரு தளத்தில் மட்டும் தேதிப் பிழை

உங்கள் கடிகாரம் சரி என்றால், அந்தத் தளத்துக்காரர் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்துவிட்டார். அவருக்குத் தெரியப்படுத்திவிட்டுக் காத்திருங்கள். பணம், கடவுச்சொல், ஆதார் எண் எதையும் அதுவரை அங்கே தட்டச்சு செய்ய வேண்டாம்.

தளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: கையால் புதுப்பிக்கும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள். 2020 செப்டம்பரில் ஒரு சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 398 நாள் ஆனது. இதை 2026 மார்ச் 15 முதல் 200 நாளாகவும், 2027 மார்ச் 15 முதல் 100 நாளாகவும், 2029 மார்ச் 15 முதல் 47 நாளாகவும் குறைக்க, சான்றளிக்கும் அமைப்புகளும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025இல் முடிவெடுத்துவிட்டது. தானியங்கிப் புதுப்பிப்பு இல்லாமல் இதற்கு ஈடுகொடுக்க முடியாது.

கடைக் கணினியில் திறக்கிறது, வாடிக்கையாளர் போனில் திறக்கவில்லை

மிகவும் ஏமாற்றும் அறிகுறி இது. மார்த்தாண்டம் தேன் விற்கும் ஒருவர் சிறு தளம் ஒன்றை அமைத்திருந்தார். அவருடைய மடிக்கணினியில் பக்கம் பளிச்சென்று திறந்தது. வெளியூர் வாடிக்கையாளர்கள் சிலர் போனில் எச்சரிக்கை வருகிறது என்றார்கள். “உங்கள் போன் கோளாறாக இருக்கும்” என்றே அவர் இரண்டு வாரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் திரும்பி வரவில்லை.

நடந்தது இதுதான். தளத்தை நிறுவியவர், சர்வரில் தளத்தின் சான்றிதழை மட்டும் வைத்துவிட்டு, இடைநிலைச் சான்றிதழை வைக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையும் வட்டாட்சியரின் பெயரும் கையில் இருக்க, நடுவில் ஆய்வாளரின் தாள் மட்டும் காணாமல் போனது போல. மடிக்கணினியின் பிரவுசர் எப்படித் திறந்தது என்றால், சில பிரவுசர்கள் வேறு தளங்களில் முன்பு பார்த்த இடைநிலைச் சான்றிதழை நினைவில் வைத்திருக்கும். சில, சான்றிதழுக்குள்ளேயே எழுதியிருக்கும் முகவரிக்குப் போய் விடுபட்டதை எடுத்து வந்துவிடும். பல போன் செயலிகளும் பணப் பரிவர்த்தனை மென்பொருள்களும் இந்த உதவியைச் செய்யாது. கையில் கொடுத்ததை மட்டும் பார்க்கும், கண்ணி இல்லை என்றால் நின்றுவிடும்.

உங்கள் பிரவுசரை வைத்து இதைச் சோதிக்கவே முடியாது. சான்றிதழ்களைச் சோதிக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற கட்டளைவரிக் கருவியின் எஸ்-கிளையன்ட் கட்டளையை ‘ஷோசெர்ட்ஸ்’ என்ற தேர்வோடு ஓட்டிப் பாருங்கள். சர்வர் நீட்டும் சான்றிதழ்களை வரிசை எண்ணோடு காட்டும். பூஜ்யம் என்று எண்ணிட்ட ஒன்று மட்டும் வந்து, முடிவில் சரிபார்ப்பு எண் 20 அல்லது 21 என்று நின்றால் இடைநிலை விடுபட்டிருக்கிறது என்று பெரும்பாலும் தீர்மானித்துவிடலாம். சான்றிதழோடு ‘ஃபுல்செயின்’ என்ற பெயரில் இன்னொரு கோப்பும் கொடுத்திருப்பார்கள். தேன்காரரின் சர்வரில் செய்ய வேண்டியிருந்தது, அந்தக் கோப்பின் பெயரை அமைப்பில் மாற்றி எழுதி, சர்வரை மறுபடி துவக்குவது மட்டுமே.

பழைய போனில் பல தளங்கள் திறக்கவில்லை, தேதியும் சரி

அந்தப் போனின் வேர்ப் பட்டியல் பழையதாகிவிட்டது. 2021 செப்டம்பர் 30 அன்று இது உலகம் முழுக்கத் தெரிந்தது. இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட், தொடக்கத்தில் தன் சங்கிலியை வேறோர் அமைப்பின் பழைய வேரில் மாட்டியிருந்தது. அந்த வேரின் காலம் அன்று முடிந்தது. அதன் சொந்த வேரை அறியாத பழைய கருவிகள் திணறின. ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய போன்களுக்காகத் தனி ஏற்பாடு செய்து, இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்க வைத்தார்கள்.

மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். வராத போன் என்றால், வங்கி வேலைக்கு அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள்.

விடுதி வைஃபையில் பெயர்ப் பிழை

கன்னியாகுமரியில் தங்கும் விடுதியின் வைஃபையில் இணைந்ததும் எந்தத் தளத்துக்கும் பெயர் பொருந்தவில்லை என்று வருகிறதா? நீங்கள் கேட்ட தளத்துக்குப் பதில் விடுதியின் நுழைவுப் பக்கம் குறுக்கே வந்து நிற்கிறது. பிரவுசர் அதைப் பிடித்துக் காட்டுகிறது. எச்சரிக்கையைத் தாண்டாமல், வைஃபை அமைப்பிலிருந்து நுழைவுப் பக்கத்தைத் திறந்து உள்நுழைந்தால் சரியாகிவிடும். உள்நுழைந்த பிறகும் பிழை தொடர்ந்தால் அந்த வைஃபையை விட்டு வெளியே வாருங்கள்.

‘அத்தாரிட்டி இன்வேலிட்’, அல்லது ‘இந்தச் சான்றிதழை நிறுவுங்கள்’ என்று யாரோ கேட்கிறார்கள்

வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் முதல் வகை வந்தால் பயப்பட வேண்டாம். ரவுட்டர் தனக்குத் தானே கையொப்பமிட்டுக்கொண்டது, அது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பொது இணையத்தில் ஒரு தளத்துக்கு இது வந்தால், அந்தத் தளத்தை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது வகையில்தான் என் முழு வற்புறுத்தலும். கடன் செயலியோ, கல்வி உதவித்தொகை என்று சொல்லும் ஆளோ, ‘வேகமான இணையம்’ தருகிறேன் என்பவரோ ஒரு சான்றிதழை நிறுவச் சொன்னால் நிறுவாதீர்கள். ஒரு வேரை உள்ளே அனுமதித்துவிட்டால், உலகத்தின் எந்தத் தளத்தின் பெயரிலும் அவர்கள் சான்றிதழ் அச்சடித்து நீட்டலாம். நீங்கள் ஏமாறும் பிரவுசரில் அதன்பின் எச்சரிக்கையே வராது. ஏற்கெனவே நிறுவிவிட்டீர்களா என்று பார்க்க, ஆண்ட்ராய்டு அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குள் ‘பயனர் சான்றிதழ்கள்’ என்ற பட்டியலைத் திறங்கள். அலுவலகமோ கல்லூரியோ முறைப்படி போட்டது தவிர வேறு எது இருந்தாலும் நீக்குங்கள். ‘நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம்’ என்று போன் அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தால் காரணம் இந்தப் பட்டியல்தான்.

முறையான பட்டியலில் இருப்பவர்களும் தவறியிருக்கிறார்கள். 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற அமைப்புக்குள் ஊடுருவியவர்கள், கூகுள் உள்பட நூற்றுக்கணக்கான போலிச் சான்றிதழ்களை எடுத்தார்கள். பிரவுசர்கள் அதன் வேரைப் பிடுங்கின, அதே செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. 2014 ஜூலையில் நம் நாட்டிலும் நடந்தது. தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுள் பெயரில் முறையற்ற சான்றிதழ்கள் வெளிவந்திருந்ததைக் கூகுள் கண்டுபிடித்தது. மேலே இருக்கும் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளர் அந்த இடைநிலைகளை உடனே ரத்து செய்தார். குரோம் அதோடு நிற்காமல், அந்த இந்திய வேரின் கீழ் வருபவற்றைச் சில குறிப்பிட்ட இந்திய முகவரிகளுக்கு மட்டுமே ஏற்பேன் என்று வரம்பு கட்டியது.

இந்தத் தவறுகளுக்குக் கிடைத்த தீர்வைப் புரிந்துகொள்ள நம் மாவட்டத்துத் தேவாலயத்துக்குப் போனால் போதும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதேனும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று. பையன் வேறு பங்கைச் சேர்ந்தவன் என்றால் அங்கேயும் வாசிக்கப்படும், அந்தப் பங்கின் கடிதம் வந்து சேர வேண்டும். பங்குத்தந்தையின் முத்திரை மட்டும் போதும் என்று விடாமல், எல்லார் காதிலும் விழும்படி சொல்லி, அறிந்தவர் ஒருவராவது எழுந்து நிற்க வாய்ப்புக் கொடுக்கும் முறை அது. சான்றிதழ்களுக்கும் இப்போது ஓலை வாசிக்கிறார்கள். வழங்கப்படும் ஒவ்வொன்றும் யாரும் அழிக்க முடியாத பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். 2018 ஏப்ரல் 30க்குப் பின் வழங்கப்பட்டவை பதிவேறாமல் வந்தால் குரோம் ஏற்காது. உங்களுக்குச் சொந்தத் தளம் இருந்தால், சிஆர்டி.எஸ்எச் என்ற பக்கத்தில் அதன் பெயரைத் தேடுங்கள். நீங்கள் வாங்காத சான்றிதழ் அங்கே இருந்தால், தடை சொல்ல எழுந்து நிற்க வேண்டியவர் நீங்கள்தான்.

ஆதார் பிடிஎஃப்பில் மஞ்சள் கேள்விக்குறி

என் கடையில் மிக அதிகமாகப் பார்க்கும் அறிகுறி. பதிவிறக்கிய இ-ஆதாரில் கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறியும் ‘செல்லுபடித்தன்மை தெரியவில்லை’ என்ற பொருளில் ஆங்கில வாசகமும் இருக்கும். ஆதார் போலி என்று இதற்குப் பொருள் இல்லை. இந்தியாவின் சான்றளிப்பு வேர், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அமைந்த கட்டுப்பாட்டாளரிடம் இருக்கிறது. அடோபி ரீடர் அந்த வேரைத் தானாக அறிந்திருப்பதில்லை.

அடோபி ரீடரில், கணினியிலேயே, கோப்பைத் திறங்கள். போனில் இருக்கும் பெரும்பாலான பிடிஎஃப் செயலிகள் கையொப்பத்தைச் சரிபார்ப்பதே இல்லை. கையொப்பத்தின் மேல் வலது சொடுக்கு செய்து அதன் பண்புகளுக்குள் போய், கையொப்பமிட்டவரின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். இடப்பக்கம் சங்கிலி முழுவதும் ஏணி போலத் தெரியும். உச்சியில் அந்தக் கட்டுப்பாட்டாளரைக் குறிக்கும் ‘சிசிஏ இந்தியா’ என்றும் ஓர் ஆண்டும் இருக்க வேண்டும். அதைத் தேர்ந்து, அதன் கைரேகை எண்ணை (விரல்ரேகை அல்ல, அந்தச் சான்றிதழுக்கே உரிய அடையாள எண்), கட்டுப்பாட்டாளரின் அதிகாரபூர்வத் தளத்தில் வெளியிட்டிருக்கும் எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இந்தப் படியைப் பெரும்பாலான கடைகளில் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டால் நீங்கள் செய்வது, கோப்பு தன்னைப் பற்றித் தானே சொன்னதை அப்படியே நம்புவது. பொருந்திய பிறகு, நம்பகமானவர் பட்டியலில் சேர்த்து மறுபடி சரிபார்க்கச் சொன்னால் பச்சைக் குறி வரும்.

சிவப்புப் பெருக்கல் குறி வந்தாலோ, கையொப்பமே காணாமல் போயிருந்தாலோ, கையொப்பத்துக்குப் பிறகு கோப்பு மாறியிருக்கிறது. பெரும்பாலும் குற்றம் இருக்காது. ‘200 கேபிக்குள் ஏற்றவும்’ என்று விண்ணப்பத் தளம் கேட்டதற்காகக் கோப்பைச் சுருக்கியிருப்பார்கள், அல்லது வேறு கோப்போடு ஒட்டியிருப்பார்கள். மூலக் கோப்பைத் தனியாக வைத்திருங்கள். இல்லையென்றால் மறுபடி பதிவிறக்குங்கள்.

பச்சைக் குறியோடு அச்சிட்டுக் கொண்டு வா என்று திருப்பி அனுப்பும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. மழையில் இரண்டு பஸ் மாறி வந்த ஒரு வயதான அம்மா, “மக்களே, அந்தப் பச்சை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்” என்று ஈரத் தாளை நீட்டியபோது எனக்கு ஆற்றாமையாக இருந்தது. தாளில் விழுந்த பச்சைக் குறி வெறும் மை. யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம். தாளில் சரிபார்க்க வேண்டியது க்யூஆர் குறியீட்டை. அதற்குள் பெயரும் பிறந்த தேதியும் படமும் ஆதார் ஆணையத்தின் கையொப்பத்தோடு இருக்கின்றன. ஆணையத்தின் செயலியால் வருடினால் கையொப்பம் அங்கேயே சரிபார்க்கப்பட்டுவிடும். அந்த அம்மாவிடம் புதிய தாளோடு இதை ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

வளைகுடா வேலைக்கான பட்டச் சான்றிதழ் திரும்பி வந்துவிட்டது

இதுவும் சங்கிலிதான், தாளில். மாநிலத்தின் கல்வித் துறை, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என்று முத்திரைகள் ஏறும். ஒவ்வோர் அலுவலகமும் உங்கள் படிப்பைச் சோதிப்பதில்லை, தனக்கு முந்தைய முத்திரை உண்மையா என்று மட்டும் பார்க்கிறது. ஆகவே திரும்பி வந்தால் முதலிலிருந்து தொடங்காதீர்கள். பின்பக்கத்தைத் திருப்பிக் கடைசி முத்திரை எது என்று பாருங்கள், அடுத்ததுதான் விடுபட்டது. 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்பாட்டில் இருக்கும் நாடுகளுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் என்ற ஒரே முத்திரை போதும், தூதரகம் வேண்டாம். இந்தியாவுக்கு அது 2005இல் நடைமுறைக்கு வந்தது. ஓமானும் பஹ்ரைனும் பிறகு சேர்ந்தன, சவுதி அரேபியா 2022இல் சேர்ந்தது. சவுதிக்குப் போகிறவரிடம் யாராவது தூதரக முத்திரைக்கும் சேர்த்துப் பணம் கேட்டால், எந்த விதியின்படி என்று கேளுங்கள்.

எச்சரிக்கையே இல்லை, ஆனால் தளம் சந்தேகமாக இருக்கிறது

‘இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று வரும் குறுஞ்செய்திகளின் பின்னால் இருக்கும் தளங்களிலும் சான்றிதழ் சரியாகவே இருக்கக்கூடும். சங்கிலி உறுதி சொல்வது, முகவரிப் பட்டையில் இருக்கும் பெயருக்கு உரியவரோடுதான் பேசுகிறீர்கள் என்பதை மட்டும். அவர் நல்லவரா என்பதை அது சொல்லாது. பூட்டுப் படத்தை மக்கள் ‘நல்ல தளம்’ என்று படித்ததால்தான் 2023இல் குரோம் அதை எடுத்துவிட்டது. பெயரின் முடிவைப் படியுங்கள். தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள், அதன்பின் வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருப்பதே உண்மையான உரிமையாளர். அரசுத் தளம் என்றால் பெரும்பாலும் ஜிஓவி.இன் என்று முடியும்.

வாட்ஸ்அப்பில் ‘பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது’

இங்கே வேரும் இல்லை, இடைநிலையும் இல்லை. இரண்டு முனைகள் மட்டுமே. எதிர்முனையில் இருப்பவர் புதிய போன் வாங்கினாலோ செயலியை மறுபடி நிறுவினாலோ திறவுகோல் மாறும், இந்த வரி தோன்றும். பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் அதன்பின் அவர் பணம் கேட்டால், குறியீட்டை ஒப்பிடாமல் அனுப்ப வேண்டாம்.

நேரில் இருந்தால் ஒருவர் திரையின் க்யூஆர் குறியீட்டை மற்றவர் வருடலாம். துபாயில் இருக்கும் அண்ணன் என்றால் சாதாரண அழைப்பில் கூப்பிடுங்கள், வாட்ஸ்அப் அழைப்பில் வேண்டாம். அவர் குரல் உங்களுக்குத் தெரியும். தொடர்பு விவரத்துக்குள் ‘மறையாக்கம்’ என்பதைத் தொட்டால் 60 இலக்கங்கள், ஐந்தைந்தாகப் பன்னிரண்டு தொகுதிகளாகத் தெரியும். ஒரு தொகுதியை அவர் வாசிக்கட்டும், அடுத்ததை நீங்கள் வாசியுங்கள். பன்னிரண்டாவது தொகுதி வரைக்கும்.